தாணுமாலயன் பார்த்த பாலி

வலியசாலைப் பக்கத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், மண்டபமும் நகையும் பட்டும் பேசி முடித்த பிறகு ஒரு சாயங்காலம் மாப்பிள்ளைப் பையன் தாணுமாலயனின் வீட்டுக்கு வருவான். துணிச்சல்காரனாக இருந்தால் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வருவான். வெளிநாட்டுக்குத் தேனிலவு போனால் எங்கே தங்குவது, பகலில் எங்கெங்கே போய்விட்டு வரலாம், எதைப் பார்க்காமல் வந்தால் பிற்பாடு வருத்தப்பட வேண்டியிருக்கும் என்றெல்லாம் கேட்டுக்கொள்ளத்தான். தாணுமாலயன் உள்ளே போய் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து உட்காருவார். அவர் மனைவி முத்தாரம்மாள் காப்பியை வைத்துவிட்டுக் கதவோரம் நிற்பாள். மணலில் கைகோத்து நடப்பதற்காக வெள்ளைக்காரர்கள் பாதி உலகத்தைக் கடந்து கோவளத்துக்கு வருகிறார்கள் என்பதும், அந்தக் கோவளம் இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான் என்பதும் அந்த வீட்டில் யாருக்கும் நினைவு வருவதில்லை.

தாணுமாலயன் சமையல்காரர். நாஞ்சில் நாட்டுக்காரர். இளவயதில் சாலைக் கடைத்தெருவில் ஒரு சைவ ஓட்டலின் அடுப்படிக்கு வந்து, பிறகு கல்யாணச் சமையலுக்கு மாறினார். அவர் வைக்கிற உள்ளித் தீயலுக்காக அழைக்காத கல்யாணத்துக்கும் ஆள் வரும் என்று சொல்வார்கள். அப்படி ஒரு பந்தியில்தான் அனந்த் அவரைக் கண்டுபிடித்தான்.

அனந்துக்குக் கழக்கூட்டத்தில் ஒரு டூர் கம்பெனி இருந்தது. சுற்றிலும் சாப்ட்வேர் ஆபீஸ்கள். அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு வருஷம் முழுவதும் கல்யாணம் ஆகிக்கொண்டிருந்தது. பாலித் தீவுக்குத் தேனிலவுப் பயணம் என்று அவன் விளம்பரம் செய்தபோது பிள்ளைகள் ஆர்வமாக வந்தார்கள். அவர்களுடைய அம்மாக்கள்தான் தடுத்தார்கள். அங்கே என்னத்தைச் சாப்பிடுவது, எந்த எண்ணெயில் பொரிப்பார்களோ என்று கேட்டார்கள். அனந்த் ஒரு வழி கண்டான். பத்துப் பன்னிரண்டு ஜோடிகளை ஒரே பஸ்ஸில் ஏற்றி, கூடவே ஒரு சமையல்காரரையும் அனுப்பிவிடுவது. தேனிலவுக்குக் கூட்டமாகப் போவதில் உள்ள விசித்திரம் யாரையும் உறுத்தவில்லை. சாம்பார் உண்டு என்றதும் அம்மாக்கள் சம்மதித்துவிட்டார்கள்.

இப்படியாகத் தாணுமாலயன் பாஸ்போர்ட் எடுத்தார். பாலிக்குப் போனார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

அங்கே அவர் பார்த்தது இதுதான். விமான நிலையம். ஓட்டலின் பின்வாசல். அடுக்களை. விடியுமுன் காய்கறிச் சந்தை. ஜோடிகள் எழுந்திருப்பதற்குள் இட்லியும் பொங்கலும் ஆகி, மத்தியானத்துக்கான எலுமிச்சைச் சோறும் தயிர்ச் சோறும் பொட்டலமாகிவிட வேண்டும். அவர்களையும் பொட்டலங்களையும் சுமந்துகொண்டு பஸ் போனதும் பாத்திரம் கழுவ வைத்து, கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்தால் ராச்சாப்பாட்டு வேலை தொடங்கிவிடும். கடல் ஓட்டலுக்கு முன்பக்கம் இருந்தது. அடுக்களை ஜன்னல் பின்பக்கத்தைப் பார்த்தது. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. சம்பளம் அடுப்புக்குத்தான், கடலுக்கு இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

முதல் தடவை போய்வந்ததும் முத்தாரம்மாள் பக்கத்து வீட்டுப் பெண்களையும் கூட்டி உட்காரவைத்து, பாலி எப்படி என்று கேட்டாள். அங்கே சின்ன உள்ளி நல்ல திரட்சி, தேங்காயும் நம்மூர்த் தேங்காய் மாதிரிதான், ஆனால் அடுப்பில் தீ நின்று எரியாது என்று தாணுமாலயன் உண்மையைச் சொன்னார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முத்தாரம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. வேறொன்றும் பார்க்கவில்லையா என்று அவள் மெல்லக் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கடலுக்குள் பாறை மேல் ஒரு கோவில் இருக்கிறது என்று தொடங்கினார்.

அது பொய் இல்லை. அப்படி ஒரு கோவில் இருக்கிறது. தானா லோட் என்று பெயர். ராச்சாப்பாட்டுக்கு வரிசையில் நின்ற ஒரு ஜோடி தங்கள் போனில் அதை அவருக்குக் காட்டியிருந்தது. அதற்கு மேல் சொன்னதையெல்லாம் அவர் அங்கேயே உட்கார்ந்து உண்டாக்கினார். பாறையில் அலை மோதினால் எழும் சத்தம், ஈரப்படிக்கட்டு, அந்தியில் கல்லின் நிறம். பெண்கள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள். முத்தாரம்மாள் அன்றைக்கு அவருக்கு இரண்டாவது தடவை காப்பி போட்டுக் கொடுத்தாள்.

பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் அவருடைய பாலி வளர்ந்தது. பரிமாறும் இடத்தில் நின்று கேட்டதுதான் மூலதனம். ஆனால் அதிலும் ஒரு வித்தியாசத்தை அவர் கண்டுகொண்டார். ராத்திரி தட்டோடு வருகிற ஜோடிகள் ஒன்றைப் பற்றியும் நல்லதாகச் சொல்வதில்லை. பத்து நிமிஷப் போட்டோவுக்கு மூன்று மணி நேரம் பஸ், குரங்கு கண்ணாடியைப் பிடுங்கிவிட்டது, எரிமலையைப் பார்க்கப் போனால் மேகம்தான் தெரிந்தது. அதே ஜோடிகளை ஒரு மாதம் கழித்து ஏதாவது கல்யாணத்தில் பார்த்தால், வாழ்க்கையிலேயே சிறந்த நாட்கள் அவைதான் என்பார்கள். ஊருக்கு வந்த பிறகு சொல்லப்படுவதுதான் பயணம் என்று தாணுமாலயன் புரிந்துகொண்டார். அந்த வகையில் தனக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றும் அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

இந்த நிலையில்தான் எதிர்வீட்டு அபிலாஷ் வந்தான். சாப்ட்வேர் வேலை. கட்டிக்கொள்ளப் போகிற ஸ்ரீலட்சுமியும் அதே கட்டடத்தில் வேறு மாடியில் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் கூட்டத்தோடு போக விருப்பமில்லை. தனியாக பாலிக்குப் போவதாகத் தீர்மானித்திருந்தார்கள்.

“யூடியூப் பாத்துப் பாத்து மதியாயி, போதும்னு ஆயிட்டு மாமா,” என்றான் அபிலாஷ். “எல்லாரும் போற எடத்துக்கே எல்லாரும் போறாங்க. ஆருக்கும் அறியாத ஒரு ஸ்பாட் சொல்லணும்.”

தாணுமாலயன் யோசித்தார். முதல் நாள் உபுட், நெல் வயல் படிக்கட்டுகள், ஊஞ்சல். இரண்டாம் நாள் ஏரிக்கோவில். அதெல்லாம் அவனுக்கே தெரிந்திருந்தது. பையன் இன்னும் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தான். பெண்ணும் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவோரத்தில் முத்தாரம்மாள் நின்றாள். அப்போதுதான் தாணுமாலயன் அந்த அருவியைச் சொன்னார். ஏரிக்கோவிலைத் தாண்டி வடக்கே போனால் ஒரு சின்ன கிராமம் வரும், அங்கே கோவிலுக்குப் பின்னால் மூங்கில் காட்டுக்குள் ஒரு அருவி. தண்ணீர் மூன்று பிரிவாக விழும். அடியில் ஒரு கிழட்டுப் பூசாரி, வருகிற தம்பதிகளின் கையில் ஒரே நூலைச் சுற்றிக் கட்டிவிடுவார். நூல் தானாக அறுந்து விழுகிற வரைக்கும் சண்டையே வராது. ஊர்ப் பெயர் வாயில் நுழையாத பெயர், டிரைவரிடம் சொன்னால் கொண்டுபோவான் என்றார்.

கல்யாணம் ஆயிற்று. போனார்கள். வந்தார்கள். மறுநாளே விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள் நடுவில் அபிலாஷின் அம்மா, தாணு மாமா சொன்ன அருவிக்குப் போனீர்களா என்று கேட்டாள். தாணுமாலயனும் பந்தியில் உட்கார்ந்திருந்தார். கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டார்.

“அடிபொளி,” என்றான் அபிலாஷ். “மாமா சொன்ன மாதிரியே.”

ஸ்ரீலட்சுமி ஒரு கணம் இலையைப் பார்த்துவிட்டு, அங்கே ஒரு சின்னக் குளமும் உண்டு, மாமா அதைச் சொல்லவில்லை என்றாள். அதில் வெள்ளை ஆம்பல் பூத்திருந்ததாம்.

தாணுமாலயன் சோற்றை வாயில் போட்டு மென்றார். இல்லாத அருவிக்குப் பக்கத்தில் ஒரு குளம் வெட்டப்பட்டுவிட்டது. அன்று வீட்டுக்கு நடந்து வருகையில், ஒருவேளை அப்படி ஒரு இடம் உண்மையில் இருக்கிறதோ, தனக்குத் தெரியாமலே தான் அதைச் சொல்லிவிட்டோமோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வந்தது.

அருவியின் புகழ் கழக்கூட்டம் வரைக்கும் போனது. பணம் கட்ட வருகிறவர்கள் அந்த அருவி உண்டா என்று கேட்கத் தொடங்கினார்கள். அனந்த் வியாபாரி. அது எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. பயணத் திட்டத்தில் நான்காம் நாளுக்கு நேரே ‘நூல் அருவி’ என்று அச்சிட்டு, ‘வானிலை இடம் கொடுத்தால்’ என்று கீழே சேர்த்துவிட்டான். வானிலை எந்தப் பயணத்திலும் இடம் கொடுக்கவில்லை.

தாணுமாலயன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த கூட்டத்தைப் பார்த்து அனந்துக்கு மனம் நிறைந்துவிட்டது. இந்தத் தடவை அண்ணாச்சி சமைக்க வேண்டாம், சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு பயணியாகவே போய்விட்டு வரட்டும், எல்லாம் கம்பெனிச் செலவு என்றான். சமையலுக்குப் பிச்சையா என்று புது ஆள் ஒருவரைப் போட்டிருந்தான். தாணுமாலயன் பல காரணம் சொல்லிப் பார்த்தார். முத்தாரம்மாளின் மூட்டுவலியைச் சொன்னார். அவளோ அதற்குள் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டு வந்திருந்தாள்.

அந்தக் கூட்டத்தில் இவர்கள்தான் மூத்த தம்பதி. மற்றவர்கள் கையில் மருதாணி கூட அழியாதவர்கள். முதல் நாள் காலையில் பஸ்ஸில் ஏறியதும் முன்சீட்டை இவர்களுக்குக் கொடுத்தார்கள். எல்லாம் தெரிந்தவர் முன்னால் இருக்கட்டும் என்று. கம்பெனி சார்பில் கூட வந்த சுஜா மைக்கை உள்ளூர் வழிகாட்டியிடம் கொடுத்தாள். கேதுத் என்பது அவன் பெயர். பல பயணங்களில் தாணுமாலயனின் கையால் சாப்பிட்டவன். நல்ல மனசுக்காரன். அவன் எல்லோரையும் வரவேற்றுவிட்டு, இந்தப் பஸ்ஸில் இன்று ஒரு சிறப்பு விருந்தாளி இருக்கிறார், நம் சமையல்காரர், இவ்வளவு வருஷத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக என் தீவைப் பார்க்கப் போகிறார் என்று இங்கிலீஷில் சொல்லிக் கைதட்டினான். பிள்ளைகளும் அதை ஒரு தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்துக் கைதட்டினார்கள்.

முத்தாரம்மாளுக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் தெரியும். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாசல்தோறும் தரையில் ஓலைத்தட்டில் பூ வைத்திருப்பதைப் பற்றி ஏதோ கேட்டாள். அவருக்குப் பதில் தெரியவில்லை.

அன்றைக்கு முழுவதும் தாணுமாலயன் பட்ட பாடு கொஞ்சமில்லை. நெல் வயலில் எந்த இடத்தில் நின்றால் போட்டோ நன்றாக வரும் என்று ஒருவன் கேட்டான். குரங்குக் காட்டில் கழிப்பறை எங்கே என்று ஒரு பெண் ரகசியமாகக் கேட்டாள். எல்லாம் மாற்றிக் கட்டிவிட்டார்கள், முன்னே இப்படி இல்லை என்று சொல்லிச் சமாளித்தார். மத்தியானம் பிச்சையா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றைப் பிரித்ததும் பஸ்ஸே அமைதியாகிவிட்டது. புளி வேகவில்லை, அரிசி வெந்து குழைந்திருந்தது. புதுப் பெண் ஒருத்தி இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். போனிலேயே அழுதாள். ஓட்டலுக்குத் திரும்பியதும் சுஜா தயங்கித் தயங்கி வந்து, அண்ணாச்சி நாளைக்கு மட்டும் அடுக்களையில் கொஞ்சம் எட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் தாணுமாலயன் சட்டையைக் கழற்றிவிட்டார்.

அறைக்கு வந்தபோது முத்தாரம்மாள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தன்னால் வரமுடியாது என்று இவர் சொன்னார். தெரியும் என்றாள். தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, “அந்த அருவி இங்கேருந்து எந்தப் பக்கம்?” என்று கேட்டாள்.

“அது வடக்கே. இப்போ மழைக்காலம் பாத்துக்கோ, விடமாட்டான்.”

“அபிலாஷும் அவளும் போகல்ல. ஸ்ரீலட்சுமி எங்கிட்டே சொல்லிட்டா.” தைலப்புட்டியை மூடிவிட்டு அவள் சொன்னாள். டிரைவர் பாவம், அந்தப் பக்கத்தில் இருந்த நிஜமான அருவி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டினானாம். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு, மாமா சொன்னது இது இல்லை, இதில் தண்ணீர் மூன்றாக விழவில்லை என்று அபிலாஷ் இறங்கவே மறுத்துவிட்டான். கடைசியில் மழையில் ரோட்டோரம் நின்று இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். ஸ்ரீலட்சுமி அழுதாள். நடந்ததை வெளியே சொன்னால் தேனிலவில் சண்டை போட்டதையும் சொல்லவேண்டி வருமே என்று குளத்தையும் ஆம்பலையும் சேர்த்துவிட்டாள்.

தாணுமாலயன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எத்தனை நாளாக அவளுக்கு இது தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கல்யாணம் முடிந்த அந்த மாசத்திலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். இவர் சொல்லியிருக்கிறார். அவள் கதவோரம் நின்றிருக்கிறாள்.

“அப்போ நீ ஏன் ஒண்ணும் கேக்கல்ல?”

“கேட்டா நீங்க சொல்லுகத நிறுத்திருவேளே,” என்றாள் முத்தாரம்மாள்.

அவர் விளக்கை அணைத்தார்.

மறுநாளிலிருந்து தாணுமாலயன் அடுக்களைக்குப் போனார், முத்தாரம்மாள் பஸ்ஸில் போனாள். தேனிலவுக்கு வந்த கூட்டத்தில் துணையில்லாமல் தனியாகச் சுற்றியவள் அவள் ஒருத்திதான். அதனால் எல்லோருக்கும் வேண்டியவளாகிவிட்டாள். ஜோடி போட்டோ எடுக்கும்போது கைப்பையை வாங்கி வைத்துக்கொண்டாள். முகம் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்த ஒரு ஜோடிக்கு நடுவில் போய் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். எரிமலைக்குப் போன அன்று மேகம் விலகவே இல்லை. நான்காம் நாள் காலையில் சுஜா மைக்கில் வருத்தத்தோடு, மலையில் பலத்த மழை, நூல் அருவிக்கு இன்று அனுமதி இல்லை என்று அறிவித்தபோது, எல்லோரும் அடடா என்றார்கள். முத்தாரம்மாளும் அடடா என்றாள்.

அருவிக்குப் பதிலாகக் கொண்டுபோன இடத்தில் பள்ளத்தாக்குக்கு மேலே தென்னை மரங்களில் கட்டிய பெரிய ஊஞ்சல் இருந்தது. பின்னால் நீளமாகப் பறக்கிற கவுனை வாடகைக்குக் கொடுத்தார்கள். பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். கட்டியிருந்த சேலைக்கு மேலேயே சிவப்புக் கவுனை மாட்டி, இடுப்பில் வாரைக் கட்டி ஏற்றிவிட்டார்கள். அன்று மாலை சுஜா அந்தப் போட்டோவை அடுக்களையில் கொண்டுவந்து தாணுமாலயனிடம் காட்டினாள். கீழே பச்சைப் பள்ளம். நடு ஆகாயத்தில் முத்தாரம்மாள். சிவப்புத் துணி அவளுக்குப் பின்னால் ஒரு வீட்டின் நீளத்துக்குப் பறந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. பயமா சிரிப்பா என்று தெரியவில்லை. தாணுமாலயன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. பிச்சையாதான் ஓடிவந்து இறக்கினார்.

கடைசி நாள் அவரவர் விருப்பம்போல் சுற்றிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். தாணுமாலயன் தாமாகவே பிச்சையாவிடம் அடுக்களையை ஒப்படைத்துவிட்டு வந்து, அந்தக் கடல் கோவிலுக்குப் போய்வரலாமா என்று மனைவியிடம் கேட்டார். அவள் இரண்டு நாள் முன்புதான் அங்கே போய்வந்திருந்தாள். இருந்தாலும் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். வாடகைக் காரில் இரண்டு பேர் மட்டும் போனார்கள். வழியெல்லாம் நெரிசல்.

கடல் ஏறியிருந்தது. பாறைக்குப் போகிற வழி தண்ணீருக்குள் இருந்தது. கரை நிறையக் கூட்டம், எல்லோருடைய கையிலும் போன். சோளம் சுடுகிற புகை. முத்தாரம்மாள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் ஓரமாக ஒரு திட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். பாறை கறுத்து, அதன் மேல் ஓலைக்கூரை அடுக்குகள் கறுத்து, பின்னால் வானம் சிவந்து நின்றது. அலை வந்து மோதியது. தாணுமாலயன் பார்த்தார். தான் சொல்லிவந்ததைவிட அது சின்னதாக இருந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற, அவர்கள் பஸ்ஸில் வந்த பையன் ஒருவன் அடையாளம் கண்டுகொண்டு, இந்தக் கோவிலின் கதையைச் சொல்லுங்கள் மாமா என்றான். அவர் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி கடலைப் பார்த்தார். முத்தாரம்மாள் ஒரு சுட்ட சோளம் வாங்கிவந்து பாதியாக ஒடித்துக் கொடுத்தாள். வெளிச்சம் போகும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

ஊருக்கு வந்த பிறகுதான் சிக்கல். வழக்கம்போல் ஒரு மாப்பிள்ளைப் பையன் வந்து உட்கார்ந்து தானா லோட் எப்படி என்று கேட்டான். தாணுமாலயன் சட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். கூட்டமாக இருந்தது, கடல் ஏறியிருந்தது, நன்றாக இருந்தது என்றார். பையன் காத்திருந்தான். அவரிடம் அதற்கு மேல் இல்லை. அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே கதிதான். பாலி என்றால் அவருக்கு நாக்கு எழும்பவில்லை. மாமாவுக்கு வயசாகிவிட்டது, முன்னே போல விவரமாகச் சொல்வதில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். முத்தாரம்மாளிடம் கேட்டால் முட்டிவலி, படி அதிகம், எரிமலை தெரியாது என்று உள்ளதைச் சொன்னாள். உள்ளதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

நல்லவேளையாக அனந்த் அந்த வருஷம் வியட்நாமுக்குத் திட்டம் போட்டான். தாணுமாலயன் மறுபடியும் சமையல்காரராகப் போனார். கடலுக்குள் நூற்றுக்கணக்கான பாறைத் தீவுகள் நிற்கிற ஒரு வளைகுடாவுக்கு ஜோடிகள் படகில் போன அன்று, அண்ணாச்சியும் வரலாம், ஒரு இடம் காலியாக இருக்கிறது என்று சுஜா வற்புறுத்திக் கூப்பிட்டாள். அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு கத்தரிக்காய் வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிச் சந்தைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்த அன்று சாயங்காலம் வீட்டில் வேறு யாரும் இல்லை. முத்தாரம்மாள் முறத்தை மடியில் வைத்துச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தாணுமாலயன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்து அந்த வளைகுடாவைச் சொன்னார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு பாறையாக எழுந்து வருவதையும், சில பாறைகளின் வயிற்றுக்குள் குகை இருப்பதையும், குகைக்குள் பேசினால் படகில் இருப்பவர்களுக்குக் கேட்பதையும் சொன்னார். அவள் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவைதான் குறுக்கிட்டாள்.

“படகுல ஏறும்போ காலு நனையுமா?”

தாணுமாலயன் ஒரு கணம் யோசித்தார்.

“முட்டளவு,” என்றார்.